கடைசி அலசலுக்கு நல்ல தண்ணீர்

நான் இப்போது வாழும் ஊரில் சலவைத்தூள் பெட்டியின் பின்பக்கம் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எப்படிப்பட்டது? வைஷ், மிட்டெல், ஹார்ட் என்று மூன்று கட்டங்கள் போட்டிருப்பார்கள். மென்மையான தண்ணீர் என்றால் தூள் கொஞ்சம் போதும். கடினமான தண்ணீர் என்றால் கூடப் போட வேண்டும். தெரியாவிட்டால் நகரசபைக்குத் தொலைபேசி எடுத்துக் கேட்கலாம். அங்கிருப்பவர்கள் கணினியைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். சுவிட்சர்லாந்துக்கு வந்த புதிதில் ஒரு தோழி இதை வாசித்து விளங்கப்படுத்தியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரின் குணம் பார்ப்பது எனக்கொன்றும் புதிதல்ல. யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான வேலணையில் பிறந்தவர்களுக்கு நாக்கு நுனியில் ஒரு துளி பட்டாலே போதும், நல்ல தண்ணியா உப்புக் கரிக்கிற சவர்த் தண்ணியா என்று சொல்லிவிடுவார்கள். ஆனால் அதைச் சவுக்காரப் பெட்டி கேட்கும் என்பதும், அதற்கு நகரசபை பதில் வைத்திருக்கும் என்பதும் விசித்திரமாக இருந்தன. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் அந்த மூன்று கட்டங்களில் எதற்குள்ளும் அடங்காது.

நாங்கள் இருக்கும் மாடிக் கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரு சலவை இயந்திரம் இருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நாள். எனக்குக் கிடைத்த முதல் நாளில், ஊரில் வாளிக்குள் போடுவதைப் போலத் தூளை அள்ளிப் போட்டேன். சற்று நேரத்தில் நுரை இயந்திரத்துக்கு வெளியே வழிந்து நிலமெல்லாம் பரவியது. மேல்மாடியில் தனியாக வாழும் ஃப்ராவ் மையர் என்ற முதிய பெண் சத்தம் கேட்டு இறங்கி வந்தார். கோபிக்கவில்லை. இயந்திரத்தைச் சுட்டிக்காட்டி ஏதேதோ சொன்னார். அதில் எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்தான்: எஸ்ஸிக். எனக்குத் தெரிந்த சொல் எஸ்ஸன். அது சாப்பிடுவது. எஸ்ஸிக், எஸ்ஸிக் என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல, தனியாக இருக்கிற மனுசி, பாவம், பசிக்கிறதாக்கும் என்று நினைத்து மேலே ஓடிப்போய் ஒரு தட்டில் புட்டும் மீன்குழம்பும் கொண்டுவந்து நீட்டினேன். அவர் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அங்கிருந்த வாங்கில் உட்கார்ந்து உறைப்பில் கண்ணீர் வழிய முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். சாப்பிட்டுவிட்டுத் தன் வீட்டுக்குப் போய் ஒரு போத்தலோடு திரும்பி வந்தார். எஸ்ஸிக் என்றால் வினாகிரி, ஊறுகாய்க்கு விடும் அந்தப் புளிப்புக் காடி.

அன்று தொடங்கியது எங்கள் பழக்கம். தூளைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்றார். வாசனைத் திரவம் தேவையில்லை, அது துணியில் ஒட்டியே இருக்கும். கடைசி அலசலில் கொஞ்சம் வினாகிரி ஊற்றினால் தங்கிய சவுக்காரம் கழன்று துணி மெதுமையாகும், மணம் காயும்போது போய்விடும். சூடு குறைவாக வைத்தால் மின்சாரமும் மிச்சம். இவை எல்லாம் அவருக்குக் காசைச் சேமிக்கும் வழிகள், ஆற்றிலுள்ள மீன்களுக்குச் செய்யும் உபகாரமும்கூட. எனக்கோ அது மகளின் முழங்கை மடிப்பு. பிறந்த நாளிலிருந்து சிவந்து வெடித்துக் கிடந்த அந்தத் தோல், தூளைக் குறைத்து வாசனைத் திரவத்தை நிறுத்திய பிறகு மெல்ல ஆறியது. கண்ணால் கண்ட நன்மை என்பதால் நான் அதை ஒரு வேதம்போலப் பிடித்துக்கொண்டேன். வீட்டுக்கு வரும் எங்கள் ஆட்களுக்கெல்லாம் சொல்வேன். சிலர் கேட்டார்கள். சிலர், உழைக்கிற காசில் வாசமாக உடுக்கக்கூடக் கூடாதா என்று சிரித்தார்கள்.

மகள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் எனக்கும் சலவையிலேயே வேலை கிடைத்தது. இங்குள்ள ஒரு முதியோர் இல்லம், ஆல்ட்டர்ஸ்ஹைம் என்பார்கள். அதன் சலவைப் பகுதியில் நாங்கள் நான்கு பெண்கள். வயதானவர்களின் படுக்கை விரிப்புகள், இரவு உடைகள், துவாய்கள் என்று வண்டி வண்டியாக வரும். தூளை நாங்கள் தொடுவதில்லை. இயந்திரமே துணியை எடைபோட்டு, தண்ணீரையும் பார்த்து, வேண்டிய அளவை எடுத்துக்கொள்ளும். மூன்று தரம் அலசும். தண்ணீர் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் வந்துகொண்டே இருக்கும். யாரும் அள்ளுவதில்லை, யாரும் சுமப்பதில்லை. வெளியே எடுக்கும்போது விரிப்புகள் இளஞ்சூடாக இருக்கும். அவற்றில் கன்னத்தை வைக்கத் தோன்றும்.

அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்த செய்தி இந்த விரிப்புகளுக்கு நடுவே நின்றபோதுதான் வந்தது. அப்பா தெற்கில் ஒரு சிறிய பட்டணத்தில் கடை வைத்திருந்து, கடையையும் இழந்து, நோயோடு ஊர் திரும்பி இறந்து பல வருடங்களாயின. வீட்டில் அம்மாவும் என் தங்கை வதனியும் மட்டுந்தான். வதனி பாலர் பாடசாலையில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் வேண்டாமென்று சொல்லிவிட்டவள். அம்மாவின் வலப்பக்கம் முழுதாக விழுந்துவிட்டது, பேச்சும் குழறிப்போனது. படுக்கையில் சலம் போவது அம்மாவுக்கே தெரியாது. வதனி வேலையை விட்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் தொலைபேசிப் பேச்சு முழுவதும் துணி தோய்ப்பதைப் பற்றியதாகிவிட்டது. ஒரு நாளைக்கு அத்தனை விரிப்பு, அத்தனை சீலைத் துண்டு. கடையில் விற்கும் பம்பர்ஸ் கட்டிப் பார்த்தாள். வெக்கைக்கு அம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கொப்பளம் போட்டது. சாமான் விலை ஏறிய நாட்களில் அதைத் தொடர்ந்து வாங்கவும் முடியவில்லை. சவுக்காரத்தூளின் விலையும் அப்படித்தான். காசு அனுப்புகிறேன், தோய்க்க ஆள் பிடி என்றேன். ஒரு பெண் கொஞ்ச நாள் வந்தாள். தன் கை வெடிக்கிறது என்று நின்றுவிட்டாள். இயந்திரம் வாங்கு என்று காசு அனுப்பினேன். வாங்கினாள். சவர்த் தண்ணீர் அதன் உள்ளுறுப்புகளைத் தின்று முடிக்க ஒரு வருடம்கூட எடுக்கவில்லை. சமைக்கிற குசினி மூலையில் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். பணம் தீர்க்கும் என்று நான் நினைத்த ஒவ்வொன்றும் அந்தத் தண்ணீரில் கரைந்து போனது.

ஒருநாள் வதனி வீடியோ அழைப்பில் அம்மாவைப் பக்கவாட்டில் திருப்பி முதுகைக் காட்டினாள். தொலைபேசியின் சின்னத் திரையிலேயே தெளிவாகத் தெரிந்தது. தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரை வெந்தது போலச் சிவப்பு. சில இடங்களில் தோல் உரிந்திருந்தது. பார்த்த வைத்தியர் பூச்சு மருந்து கொடுத்திருக்கிறார். விரிப்பில் சவுக்காரம் தங்கியிருக்கிறது, ஈரம் பட்டதும் அது முதுகை அரிக்கிறது, நன்றாக அலச வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். வைத்தியர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் சவர்த் தண்ணியில் நுரை வராது. நுரை வராததால் தூள் கூடப் போட வேண்டும். கூடப் போட்டது அதே சவர்த் தண்ணியில் போகாது. எத்தனை தரம் அலசினாலும், காய்ந்த விரிப்பு உப்பும் தூளும் ஏறித் தகடு போல நிற்கும். நல்ல தண்ணீர் பவுசர் லொறியில் வரும், குடிக்கவும் சமைக்கவும் மட்டும். அதில் விரிப்பு அலசுவதைத் தீவில் யாரும் நினைத்துக்கூடப் பார்க்கமாட்டார்கள்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். தூளைக் குறை, கடைசி வாளியில் வினாகிரி விடு என்றேன். வதனி சந்தைக்குப் போய் ஒரு போத்தல் வாங்கினாள். அதே கிழமை கடையில் யாரோ, சலமணம் போக வெளுக்கிற குளோரின் நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். அவள் அதையும் வாங்கினாள். இரண்டும் நல்லதென்றால் சேர்த்தால் இன்னும் நல்லதுதானே. குளோரினில் விரிப்பு ஊறிய வாளிக்குள் வினாகிரியை ஊற்றிவிட்டுக் குனிந்து கிளறினாள். எழும்பிய புகை அவளுடைய மூச்சைப் பிடித்தது. கண் எரிந்து, இருமி, கிணற்றடியில் விழுந்து கிடந்தவளைப் பக்கத்துக் காணியில் மாடு கட்ட வந்தவர்கள் தூக்கிப்போய்ப் புகை எட்டாத இடத்தில் கிடத்தினார்கள். அந்த இரண்டையும் ஒருநாளும் சேர்க்கக் கூடாது, நச்சுப் புகை வரும் என்பது எனக்கும் அதற்குப் பிறகுதான் தெரிந்தது. எங்கள் வேலைத்தலத்தில் அதை ஒரு மஞ்சள் ஒட்டுத்தாளில் எழுதியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழியில் நீளமான சொற்களாக இருந்ததால் நான் வாசித்ததில்லை. வதனிக்கு இரண்டு கிழமை இருமல் நிற்கவில்லை. நல்லவேளை, அம்மாவின் அறை யன்னல் பூட்டியிருந்தது. நான் விடுமுறை எழுதிக் கொடுத்துவிட்டுப் பயணச்சீட்டு எடுத்தேன்.

ஆவணி மாதம். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ் கடல் நடுவேயுள்ள பாதையில் போகும்போது இரண்டு பக்கமும் தண்ணீர்தான். அல்லைப்பிட்டி தாண்டியதும் வெயில் நிலத்தில் துடித்தது. என் பெட்டிக்குள் வாசனையில்லாத சலவைத்தூள் இருந்தது, ஃப்ராவ் மையர் தன் அம்மாவின் விரிப்புகள் என்று கொடுத்துவிட்ட இரண்டு பழைய பருத்தி விரிப்புகளும் இருந்தன. எனக்கும் அம்மாவுக்கும் ஒன்றொன்று என்று அவர் சொன்னார் என்று விளங்கிக்கொண்டேன். இரண்டும் அம்மாவுக்கே என்று அவர் சொல்லியிருக்கவும்கூடும்.

முதல் நாள் காலையிலேயே கிணற்றடிக்குப் போய்த் தோய்க்கத் தொடங்கினேன். வதனியைக் கதிரையில் உட்காரச் சொன்னேன். நான் கொண்டுபோன தூளை அளவாகப் போட்டேன். நுரை வரவில்லை. இன்னும் போட்டேன். மெல்லிய பால்நிறம் மட்டும் வந்தது, விரல்களுக்கிடையில் பிசுபிசுத்தது. சுவிட்சர்லாந்தில் இத்தனை வருடமாக நான் துணி தோய்க்கவே இல்லை, இயந்திரம்தான் தோய்த்தது என்பது அப்போது உறைத்தது. வதனி கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கைகளை அன்றுதான் கிட்ட நின்று பார்த்தேன். விரல் மடிப்புகள் எல்லாம் வெடித்து, உள்ளங்கை கழுவிக் கழுவி வெளிறிப்போயிருந்தது. நகத்தைச் சுற்றிப் புண். பாலர் பாடசாலையில் பிள்ளைகளுக்குக் களிமண் உருட்டிக் கொடுத்த கை.

நான் அடுத்தடுத்த நாட்களிலும் விடவில்லை. முதலில் வெறும் தண்ணீரில் ஊறவிட்டு அழுக்கைக் கழற்று, பிறகு தூள் கொஞ்சம் போதும் என்றேன். வெயிலில் விரித்துப் போட்டால் குளோரின் வேண்டாம் என்றேன். அவள் அதையெல்லாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருந்தாள். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அம்மாவுக்குக் கஞ்சி பருக்கிக்கொண்டிருந்தவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்.

"அக்கா, நீங்கள் சொல்லுறது உங்கட ஊர்த் தண்ணிக்குச் சரி. எங்கட தண்ணிக்கு ஏலாது."

உங்கட ஊர். அவள் கோபத்தில் சொல்லவில்லை. அதனால்தான் அது தைத்தது. அம்மாவின் வாயைத் துடைத்துவிட்டு, "நீங்கள் மூண்டு கிழமையில போயிடுவியள்" என்றாள். "பிறகும் நான்தானே தோய்க்கோணும்."

நல்ல தண்ணீர் ஊரில் இல்லாமலில்லை. மண்கும்பான் பக்கத்து மணல் நிலத்தில் சில கிணறுகள் இன்னும் இனிக்கும். அவற்றில் ஒன்று சாந்தியின் வீட்டுக் கிணறு. சாந்தி என்னோடு படித்தவள், இப்போது கனடாவில். வீடு பல வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. திறப்பை வைத்திருக்கும் அண்ணை ஒருவர் மாதத்துக்கு ஒரு தரம் போய் முற்றம் கூட்டுவார். அவளுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவள் யோசிக்காமல் சம்மதித்தாள். கடைசி அலசலுக்கு மட்டும் தண்ணீர் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் அவளுடைய கிணற்றடியில் துணி தோய்க்கக் கூடாது.

"சவுக்காரத் தண்ணி மணலுக்குள்ளால திரும்ப உள்ள இறங்கிடும். பிறகு அந்தக் கிணறும் போயிடும்" என்றாள். பிறகு, "நீ கிணத்துக்குள்ள எட்டிப் பாத்து ஒரு வீடியோ எடுத்து அனுப்புறியா?" என்று கேட்டாள்.

அனுப்பினேன். கப்பி துருப்பிடித்திருந்தது. உள்ளே, நன்றாகக் கீழே, வட்டமாக வானமும் என் தலையும். பிறகு, குடித்துப் பார்த்தாயா, எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தாள். நன்றாக இருக்கிறது என்று எழுதினேன். பொய்யில்லை. அந்தக் கிணற்றின் சொந்தக்காரிக்கு அதன் ருசியை நான் சொல்ல வேண்டியிருந்தது.

அன்றிலிருந்து நானும் வதனியும் விடிந்ததும் சைக்கிளை உருட்டிக்கொண்டு போவோம். இரண்டு பக்கமும் தண்ணீர்க் கான்கள் தொங்கும். திரும்பும்போது ஒருவர் பிடிக்க மற்றவர் தள்ள வேண்டும். மணலில் சில்லுப் புதையும். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் தோய்த்து, அதிலேயே இரண்டு தரம் அலசி, கடைசியில் இந்தத் தண்ணீரில் ஒரு கரண்டி வினாகிரி விட்டுத் தோய்த்தெடுப்போம். தூள் பாதியானது. குளோரின் போத்தலை வதனி தானாகவே குப்பைக் கிடங்கில் புதைத்தாள். கொடியில் காய்ந்த விரிப்பு முதல் தரமாகத் துணியைப் போல ஆடியது. அம்மாவின் முதுகில் சிவப்பு மங்கத் தொடங்கியது. உரிந்த இடங்களில் புதுத்தோல் மினுங்கியது. மருந்தா, தண்ணீரா, இரண்டுமா தெரியாது. ஃப்ராவ் மையரின் விரிப்பை விரித்த அன்று அம்மா இடக்கையால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். வாயைக் கோணி ஒரு சொல்லை வெகுநேரம் தேடினார்.

"ஆற்றை இது?"

யாருடையது இது என்பதை எப்படிச் சொல்வது? ஒரு வெள்ளைக்கார மனுசியின் செத்துப்போன அம்மாவுடையது என்றா? உங்களுடையதுதான் அம்மா என்றேன். அம்மா நம்பவில்லை. ஆனால் கையை எடுக்கவுமில்லை.

வதனிக்கும் நேரம் கிடைத்தது. தோய்ப்பதில் பாதி என்னிடம் வந்ததால் அவள் இரண்டு மூன்று காலைகள் பாலர் பாடசாலைக்குப் போய் வந்தாள். திரும்பி வரும்போது முகம் வேறாக இருந்தது. அடுத்த தவணையில் அரைநாள் வேலைக்கு எடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றாள். தண்ணீர் கொண்டுவந்து தருவதற்கு ஓட்டோக்காரர் ஒருவரிடம் பேசி, அதற்கு நான் மாதாமாதம் அனுப்புவதென்று முடிவுசெய்தோம். புறப்படும்போது எனக்கு நிம்மதியாகவே இருந்தது. ஒரு காரியத்தையாவது சரியாகச் செய்துவிட்டுப் போகிறேன் என்று நினைத்தேன்.

திரும்பி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சாந்தி தொலைபேசி எடுத்தாள். குரலிலேயே தெரிந்தது. காணியை விற்பதென்று அவளுடைய தமையன்மார் முடிவுசெய்துவிட்டார்கள். வாங்க வருகிறவர்கள், ஊரார் புழங்குகிற கிணறென்றால் பின்னுக்குப் பிரச்சினை வருமென்று யோசிக்கிறார்களாம். ஓட்டோ வந்துபோவதைப் பார்த்து வேறு இரண்டு வீட்டுக்காரரும் தண்ணீர் அள்ளத் தொடங்கியிருந்தார்கள். அது அவர்கள் பிழையும் இல்லை, கோடையில் யார்தான் அள்ளமாட்டார்கள். படலைக்குப் புதுப் பூட்டு வந்தது.

"எனக்கு அதில பங்குதான் இருக்கு, என்ர சொல்லு எடுபடாது" என்றாள் சாந்தி. "நான் என்ன செய்ய?"

அவளைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவளுக்கு வேறெங்காவது கிணறு தெரியுமா என்று கேட்டேன். அவள் ஊரைவிட்டு வந்து எத்தனை காலம். அவளுக்குத் தெரிந்த கிணறுகளெல்லாம் அந்த நாளையவை. நாங்கள் இருவரும் ஒரு கரையில் அவளும் ஒரு கரையில் நானுமாக இருந்துகொண்டு, எந்தக் கிணற்றில் இப்போது நல்ல தண்ணீர் இருக்கும் என்று வெகுநேரம் கதைத்தோம். ஒன்றும் உறுதியாகத் தெரியவில்லை.

வதனி மன்றாடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஓட்டோவை நிறுத்திவிட்டேன் என்றாள். பாலர் பாடசாலைக்கு வரமுடியாதென்று சொல்லிவிட்டேன் என்றாள். தூளைக் கூட்டியிருக்கிறாயா என்று கேட்டேன். கொஞ்சம் என்றாள். அம்மாவின் முதுகைக் காட்டச் சொன்னேன். இப்போது நித்திரை, பிறகு காட்டுகிறேன் என்றாள். அந்தப் பிறகு வரவில்லை. நானும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஆல்ட்டர்ஸ்ஹைமில் ஒரு கிழவி, தன் விரிப்பில் சவுக்கார மணம் அடிக்கிறது, இன்னொரு தரம் அலசுங்கள் என்று திருப்பி அனுப்பியிருந்தார். நல்ல மனுசி, தோல் மெலிந்தவர். நான் அதை இயந்திரத்தில் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் வந்தது.

ஃப்ராவ் மையர் படியில் கண்டு, முட்டர் எப்படி என்று கேட்டார். முட்டர் என்றால் அம்மா. அது நான் இங்கே வந்த முதல் கிழமையே தெரிந்த சொல். தண்ணீர் இல்லை என்றேன். குடிக்கவா என்று அவர் பதறினார். குடிக்க இருக்கிறது, அலசத்தான் இல்லை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. கடலுக்கு நடுவேதானே உங்கள் ஊர், படத்தில் காட்டினாயே என்றார். ஆம், கடலுக்கு நடுவேதான் என்றேன். என்னிடம் இருக்கும் ஜெர்மன் அதற்குமேல் போகவில்லை. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னும் இரண்டு விரிப்புகள் தரட்டுமா என்று கேட்டார்.

கார்த்திகை பிறந்து சில நாட்களில், காலை வேலை நேரத்தில் வதனி தொலைபேசி எடுத்தாள். அங்கே மத்தியானம். வழக்கமாக அந்த நேரத்தில் எடுக்கமாட்டாள், பயந்துபோய் எடுத்தேன். அம்மாவுக்கு ஒன்றுமில்லை என்றாள் முதலில். பிறகு, "மழை, அக்கா" என்றாள்.

கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் அவள் குரல் பாதிதான் கேட்டது. வீட்டிலிருந்த வாளி, பேசின், கிடாரம், அண்டா எல்லாவற்றையும் தாழ்வாரத்தின் கீழ் வைத்துவிட்டாளாம். பழுதாய்ப்போன இயந்திரத்தின் மூடியைத் திறந்து அதையும் முற்றத்துக்கு இழுத்து வைத்துவிட்டாளாம். அதற்குள்ளும் தண்ணீர் சேர்கிறது என்றாள். சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. அம்மாவின் விரிப்புகளையெல்லாம் மழைத் தண்ணீரில் அலசுகிறாள். இன்றைக்கு இருக்கும், நாளைக்கும் இருக்கலாம். பிறகு மாசி, பங்குனி, கோடை.

தொலைபேசியைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு நான் வேலையைத் தொடர்ந்தேன். பெரிய விரிப்புகளை மடிக்கும் நேரம் அது. எங்களோடு வேலைசெய்யும் போர்த்துக்கேயப் பெண் மற்ற முனைகளைப் பிடித்துக்கொண்டு எதிரே நின்றாள். வதனி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பெரிய விரிப்பைப் பிழிவதுதான் கரைச்சல், மழையில் ஊறிக் கனக்கிறது என்றாள். ஒரு முனையை முருங்கையில் கட்டிவிட்டு மற்ற முனையை முறுக்கிக்கொண்டிருக்கிறேன் என்றாள்.

"அந்தப் பக்கம் பிடிக்க ஆளில்லை, அக்கா."

எதிரே நின்ற பெண் துணியை மெல்ல இழுத்து, ஏன் நிற்கிறாய் என்பது போலப் பார்த்தாள். யாரோ ஒருவருடைய அம்மாவின் விரிப்பில் என் பக்கத்து இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அது இன்னும் சூடாக இருந்தது.